எரிகோ மேடு

எரிகோ என்றவுடன் நம் வீட்டுச் சிறுவர்கூட ஏழு நாள் பவனியையும், குருக்கள் எழுவர் முழக்கிய எக்காளங்களையும், இடிந்து வீழ்ந்த மதிலையும் தடையின்றிச் சொல்லிவிடுவர். மறைக்கல்வி வகுப்பில் இதனினும் எளிதாக மனத்தில் பதியும் பாடம் பிறிதில்லை. அச்சிறுவரே சற்று வளர்ந்தபின், “யோசுவாவின் மதிலைத் தோண்டி எடுத்துவிட்டார்களாமே!” என்று ஒருவரும், “அக்காலத்தில் அங்கு மதிலே இல்லையாமே!” என்று மற்றொருவரும் கேள்வியோடு வந்து நிற்கும்போதுதான் பெற்றோர் திகைக்கின்றனர். இரண்டுமே அச்சில் வந்த செய்திகள். இரண்டுமே தேர்ந்த அறிஞர்களின் பெயரால் வந்தவை. எதை நம்புவது? ஒன்றை ஏற்று மற்றொன்றை ஒதுக்குமுன் அந்த மேட்டின் கதையை அடியிலிருந்து அறிந்துகொள்வது நலம். அக்கதை யோசுவாவுக்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிவிட்டது.

ஊற்றும் துறையும்

யோர்தான் பள்ளத்தாக்கு உலகிலேயே மிகத் தாழ்ந்த நிலப்பகுதி. சாக்கடலின் வடமுனையிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்துக்கு 250 மீட்டர் கீழே எரிகோ அமைந்துள்ளது. வானம் பார்த்த பூமியாக இருந்திருப்பின் அங்கு முள்ளைத் தவிர வேறெதுவும் முளைத்திராது. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 20 சென்டிமீட்டர் மழைகூடப் பொதுவாகப் பெய்வதில்லை. ஆயினும் மலையடிவாரத்தில் வற்றாத ஊற்று ஒன்று பெருக்கெடுக்கிறது. அந்த ஒரே ஊற்றுதான் பாலையின் நடுவே பேரீச்சந்தோப்பையும் கனிமரங்களையும் பச்சைப்பசேலென வளர்த்து வந்துள்ளது. இணைச்சட்ட நூல் எரிகோவைப் ‘பேரீச்சை மாநகர்’ எனக் குறிப்பதற்குக் காரணம் இதுவே.

ஊற்று ஒரு காரணம். மற்றொன்று ஆறு. எரிகோவுக்குக் கிழக்கே ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவில் யோர்தான் ஓடுகிறது. அவ்விடத்தில் ஆற்றைக் கடக்க ஆழம் குறைந்த துறைகள் உண்டு. மோவாபுச் சமவெளியிலிருந்து மேற்கே எருசலேம் மலைநாட்டுக்கு ஏற விரும்பும் வணிகரோ, படையோ, ஆட்டு மந்தையோ, எவராயினும் இத்துறைகளில் இறங்கிக் கடந்து, எரிகோ ஊற்றில் தண்ணீர் அருந்தி, அதன்பின்னரே மலையேற வேண்டும். துறைக்கு உரியவன் நாட்டின் வாயிலுக்கு உரியவன். நீதித் தலைவர்கள் நூலில் ஏகூது மோவாபு மன்னன் எக்லோனைக் கொன்றதும், இஸ்ரயேலர் முதற்காரியமாக யோர்தான் துறைகளைப் பிடித்துக்கொண்டதன் பொருள் இதுதான். ஆறாம் நூற்றாண்டில் மதாபா நகர ஆலயத்தின் தரையில் வண்ணக்கற்களால் பதித்த வரைபடத்திலும் எரிகோ பேரீச்சை மரங்களுடன் காணப்படுகிறது. அதனருகே ஆற்றுக்குக் குறுக்கே கயிறு கட்டி இழுக்கும் ஓடமும் உண்டு. சாக்கடலின் உப்புக்கு அஞ்சி மேல்நோக்கித் திரும்பும் மீன் ஒன்றையும் அந்தக் கலைஞர் அமைத்துள்ளார். நகைச்சுவை உணர்வு மிக்கவராக இருந்திருக்க வேண்டும்.

ஊற்றை ஒட்டி எழுந்து நிற்கும் மேட்டை அரபு மக்கள் ‘டெல் எஸ்-சுல்தான்’ என்பர். பார்வைக்கு அது ஓர் நத்தமேடு, அவ்வளவே. உயரம் ஏறக்குறைய 21 மீட்டர். பரப்பு பத்து ஏக்கர் அளவு. இயற்கையாக உண்டான குன்றன்று. மண்வீடு இடிந்த இடத்தில் மீண்டும் மண்வீடு கட்டி, அதுவும் இடிய அதன்மேல் வேறொன்று எழுப்பி, இவ்வாறு இருபதுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதால் வளர்ந்த மேடு. பச்சைச் செங்கல் மழையில் கரையும். கரைந்ததை அள்ளி எறிவார் யாருமில்லை. மிதித்துச் சமப்படுத்தி அதன்மேல் கட்டிக்கொள்வர். ஆகவே மேட்டில் மேலே உள்ளது பிந்தியது, கீழே உள்ளது முந்தியது என்பது பொது விதி. இவ்விதியைப் பொறுமையோடு கையாண்டவர்கள் உண்மையைக் கண்டனர். அவசரப்பட்டவர்கள் தாம் காண விரும்பியதைக் கண்டனர்.

மதிலைத் தேடியவர்கள்

முதன்முதலில் 1868-ஆம் ஆண்டில் சார்லஸ் வாரன் என்னும் ஆங்கிலேயப் படைப்பொறியாளர் மேட்டின்மேல் ஆங்காங்கே குழிகள் தோண்டிப் பார்த்தார். குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை என்று முடிவு செய்து அகன்றார். அவர் தோண்டிய குழிகளுள் ஒன்று, உலகின் மிகப் பழைய கோபுரத்தை ஒரு மீட்டர் இடைவெளியில் தவறவிட்டது என்பது பின்னரே தெரிய வந்தது.

1907 முதல் 1909 வரை எர்னஸ்ட் செல்லின், கார்ல் வாட்சிங்கர் என்னும் இருவர் முறையாக அகழ்ந்தனர். மதில்களைக் கண்டனர், ஆனால் அவற்றின் காலத்தைக் கணிப்பதில் இடர்ப்பட்டனர். வாட்சிங்கர் பல ஆண்டுகள் ஆய்ந்தபின் 1926-இல் தம் முடிவை வெளியிட்டார்: யோசுவாவின் காலம் எனக் கருதப்படும் காலத்தில் இம்மேடு ஆளற்றுக் கிடந்தது என்பதே அது. அன்று அதை விரும்பிக் கேட்டோர் சிலரே.

1930-இல் பேராசிரியர் ஜான் கார்ஸ்டாங் வந்தார். அவருடைய அகழாய்வுக்குப் பொருளுதவி செய்தவர்களுள் முதன்மையானவர் சர் சார்லஸ் மார்ஸ்டன் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர்; விவிலியத்தின் மெய்ம்மையை அகழாய்வின் வழியே நிலைநாட்ட வேண்டும் என்பது அவர்தம் பேராவல். 1936 வரை நடைபெற்ற பணியில் கார்ஸ்டாங் மேட்டின் விளிம்பில் இரட்டை மதிலொன்றைக் கண்டார். அது வெளிப்புறமாகச் சரிந்து கிடந்தது. தீப்பற்றிய தடயங்களும் இருந்தன. நிலநடுக்கத்தால் வீழ்ந்த மதில் இது, காலம் கி.மு. 1400-ஐ ஒட்டியது, இதுவே யோசுவா கண்ட மதில் என்று அவர் அறிவித்தார். செய்தித்தாள்கள் களித்தன. கிறிஸ்தவ நூல்கள் பலவற்றில் அச்செய்தி ஏறியது. நம் இளைஞர் கேள்விப்பட்ட ‘தோண்டி எடுத்த மதில்’ இதுதான். பிற்காலத்தில் எத்தனையோ நூல்கள் இச்செய்தியை அப்படியே பெயர்த்து எழுதின. ஏறியது ஏறியதுதான், இறங்கவில்லை!

அன்றே மறுத்துரைத்தோரும் இருந்தனர். எருசலேமில் விவிலியக் கல்விக்கூடம் நடத்திவந்த சாமிநாதர் சபையின் அருட்தந்தை வின்சென்ட் மட்பாண்ட ஆய்வில் தேர்ந்தவர். அவர் கார்ஸ்டாங்கின் ஆண்டுக் கணக்கை ஏற்கவில்லை. எரிகோவின் வீழ்ச்சியைக் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் வைத்தார். விவாதம் வளர்ந்தது. கார்ஸ்டாங் தாமே முன்வந்து, தம் முடிவுகளை மறுபடியும் சோதித்துப் பார்க்குமாறு இளைய அறிஞர் ஒருவரை வேண்டினார். தம் புகழ் குன்றினும் குன்றுக என்று துணிந்து கேட்ட அந்தப் பண்பைப் பாராட்ட வேண்டும். வேண்டப்பெற்றவர் காத்லீன் கென்யன்.

ஒரு பெண்மணியின் அகழி

கென்யன் அம்மையார், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தலைவராக விளங்கிய விவிலியக் கையெழுத்துப்படி வல்லுநர் சர் பிரடெரிக் கென்யனின் மகள். மண்ணடுக்குகளைப் பிரித்தறியும் கலையை மார்ட்டிமர் வீலரிடம் பயின்றவர். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை 1945-இல் அகழ்ந்து, உரோமையரோடு நடந்த வாணிகத்தின் சான்றுகளை உலகறியச் செய்தவர் அதே வீலர்தாம். பெருந்திரளான ஆட்களைக் கொண்டு மேட்டைக் கொத்திப் புரட்டாமல், குறுகிய ஆழமான அகழி ஒன்றை வெட்டி, அதன் பக்கச்சுவரில் தெரியும் ஒவ்வொரு மண்வரியையும் வரைந்து எண்ணிட்டு, எந்தப் பானை ஓடு எந்த வரிக்குரியது என்று குறித்துக்கொள்வது அவர்களது முறை. மெல்ல நடக்கும் வேலை. ஆனால் மண் பொய் சொல்வதில்லை. அதைப் படிப்பவர்தாம் பிழையாகப் படித்துவிடுவர்.

1952 முதல் 1958 வரை ஏழு பருவங்கள் அம்மையார் எரிகோவில் பணிபுரிந்தார். 1948-ஆம் ஆண்டுப் போரில் வீடிழந்து வந்த பாலஸ்தீனிய அகதிகளின் முகாம் மேட்டையடுத்தே இருந்தது; மண் சுமந்தவர்களுள் பலர் அவர்களே. வீடிழந்தோர் கைகள் வீழ்ந்த வீடுகளைத் தோண்டின.

மேட்டின் அடிப்பகுதியில் கிடைத்தவை உலகையே வியப்பில் ஆழ்த்தின. கி.மு. 8000-ஐ ஒட்டிய காலத்துக் கல் மதில். அதன் வெளிப்புறம் பாறையைக் குடைந்து வெட்டிய எட்டு மீட்டர் அகல அகழி. மதிலின் உட்புறம் எட்டரை மீட்டர் உயரம் இன்றும் நிற்கும் வட்டக் கோபுரம். அதனுள்ளே 22 கற்படிகள் மேலே ஏறிச் செல்கின்றன. பானை வனைய மனிதன் கற்றுக்கொள்ளாத காலம் அது. இரும்பு இல்லை, வெண்கலம் இல்லை. கல்லைக் கொண்டே கல்லை வெட்டியிருக்கிறார்கள். எகிப்தின் பிரமிடுகள் எழுவதற்கு ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கட்டடம்! அம்மதில் பகைவரைத் தடுக்க எழுந்தது என்று கென்யன் கருதினார். மலையிலிருந்து இறங்கும் வெள்ளத்தையும் சேற்றையும் தடுக்கவே எழுந்தது என்று 1986-இல் ஓபர் பார்-யோசெப் என்னும் ஆய்வாளர் கூறினார். எரிகோவின் முதல் மதில் போருக்காக எழுந்ததா, மழைக்காக எழுந்ததா என்பது இன்னும் பேசப்படும் கேள்வி.

1953-ஆம் ஆண்டுப் பருவத்தில் அகழியின் பக்கச்சுவரில் ஒரு மண்டையோட்டின் பகுதி நீட்டிக்கொண்டிருந்தது. வரைபடப் பணி முடியும்வரை அதைத் தொடலாகாது என்பது கட்டளை. முடிந்தபின் மெல்ல வெளியே எடுத்துப் பார்த்தால், அது வெறும் எலும்பன்று. சுண்ணச்சாந்து பூசி, மூக்கும் கன்னமும் உதடும் உயிருள்ளவர் முகம்போல் வனைந்து, கண்களுக்குச் சிப்பி பதித்த தலை! அன்று மொத்தம் ஏழு தலைகள் கிடைத்தன. வீட்டுத் தளத்தின் கீழே இறந்தோரைப் புதைத்து, பின்னர் தலையை மட்டும் எடுத்து, முகம் வனைந்து வீட்டாரோடு வைத்துக்கொண்டனர் போலும். ஏறக்குறைய ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அம்மக்கள் நம்மைப்போலவே பெற்றோரின் முகம் மறைந்துபோவதைப் பொறுக்கமாட்டாதவர்கள். அத்தலைகளுள் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. சாந்துக்குள் மறைந்திருக்கும் எலும்பைக் கதிர்ப்படங்களால் அளந்து, அவர் உயிரோடிருந்தபோது கொண்ட முகத்தை 2016-இல் மாதிரியாக அமைத்துக் காட்டினர்.

இனி மதிலுக்கு வருவோம். கார்ஸ்டாங் கண்ட இரட்டை மதில் ஒரே காலத்து மதிலன்று என்பதை மண்வரிகள் ஐயமறக் காட்டின. அவை யோசுவாவின் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு முந்தியவை, கி.மு. 2300 வாக்கில் அழிந்த நகருக்குரியவை. அந்தப் பழைய நகரின் மதில் பதினேழு முறை இடிந்து பதினேழு முறை செப்பனிடப்பட்டுள்ளது. நிலநடுக்கம் அந்தப் பள்ளத்தாக்கின் தீராத பிணி. இடிவதும் எழுப்புவதும் அவர்களுக்குப் புதிதல்ல.

அதன்பின் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் முற்பகுதியில் வேறொரு செழிப்பான நகரம் எழுந்தது. அடியில் கற்சுவர், அதன்மேல் சாந்து பூசிய செங்குத்தான சரிவு, உச்சியில் மதில் என்று வலிமையான காப்பு அதற்கு இருந்தது. அந்நகரத்தாரின் கல்லறைகளில் மரக்கட்டிலும், முக்காலி மேசையும், கூடையும், பாயும், படையலாக வைத்த இறைச்சியும் மாதுளையும்கூட மட்கிப்போகாமல் கிடைத்தன. அந்நகரம் பெருந்தீயில் அழிந்தது. சாம்பலும் கருகிய உத்தரங்களும், வாய்வரை தானியம் நிறைந்து கருகிய சாடிகளும் கிடைத்தன. படிக்கும்போதே யோசுவா நூலின் ஆறாம் அதிகாரம் கண்முன் எழுகிறதன்றோ? கென்யன் அம்மையார் கணித்த ஆண்டோ கி.மு. 1550-ஐ ஒட்டியது. இஸ்ரயேலர் கானான் நாட்டில் குடியேறியதைப் பெரும்பாலான அறிஞர் கி.மு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வைக்கின்றனர். எகிப்திய மன்னன் மெர்நெப்தாவின் கல்வெட்டு ஒன்றில் கி.மு. 1208 அளவில்தான் ‘இஸ்ரயேல்’ என்ற பெயர் முதன்முதலாகத் தோன்றுகிறது. இடைவெளி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல்.

அந்த இடைவெளியில் மேட்டின்மேல் என்ன இருந்தது? கல்லறைகளில் சில பொருள்கள், கார்ஸ்டாங் கண்ட ஒரு கட்டடம், இவற்றுக்கு அப்பால் அம்மையாருக்குக் கிடைத்தது ஒரு வீட்டுச் சுவரின் அடித்தளம். அதையொட்டி ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் தரை. அத்தரைமேல் ஒரு மண் அடுப்பு. அடுப்பினருகே ஒரு சிறு குடுவை. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் யாரோ ஓர் இல்லத்தரசி வைத்துச் சென்ற குடுவை. அக்காலத்து மதில் என்று சொல்ல ஒரு கல்லும் இல்லை. பச்சைச் செங்கல் அடுக்குகள் பல நூற்றாண்டு மழையில் கரைந்து ஓடியிருக்கக்கூடும் என்று அம்மையாரே எழுதினார். ஆயினும் பெரிய அரணுடைய நகரம் அக்காலத்தில் அங்கிருந்தது என்று அவர் சொல்லத் துணியவில்லை.

1990-இல் பிரையன்ட் வுட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் பானை ஓடுகளை மறுபடி ஆய்ந்து, நகரம் தீக்கிரையானது கி.மு. 1400 அளவிலேதான், கார்ஸ்டாங் சொன்னதே சரி என்று வாதிட்டார். பலர் மகிழ்ந்தனர். ஆனால் அதே கருகிய தானியமணிகளைக் கரிமக் கதிரியக்க முறையால் சோதித்து 1995-இல் வெளியிட்ட முடிவு கி.மு. 16-ஆம் நூற்றாண்டையே காட்டிற்று. 1997 முதல் இத்தாலிய, பாலஸ்தீனிய அறிஞர் இணைந்து நடத்திவரும் அகழாய்வும் கென்யன் வரைந்த கால அடுக்கைப் பெரும்பாலும் உறுதி செய்துள்ளது.

அப்படியானால் விவிலியம்?

இவ்வினாவைத் தவிர்த்துவிட்டு எரிகோவைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1943-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், பண்டை கிழக்கு நாட்டு ஆசிரியர்கள் எந்த இலக்கிய வகைகளில் எழுதினர் என்று ஆய்ந்தறியுமாறு விவிலிய அறிஞரை ஊக்குவித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில் அதனை வலியுறுத்தியது. வரலாறு, கவிதை, இறைவாக்கு என்று ஒவ்வொரு வகையும் உண்மையைத் தத்தமக்குரிய வழியில் உரைக்கும். ஆசிரியர் சொல்லக் கருதியதை அவ்வகையறிந்தே காண வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே மண்ணிலிருந்து வரும் செய்திக்கு அஞ்சுவது கத்தோலிக்க மரபன்று.

அக்கண்ணோடு யோசுவா நூலைத் திறந்து பாருங்கள். போர்க்கதை எனில் ஏணியும் முற்றுகையும் இருக்க வேண்டும். எரிகோவில் அவை இல்லை. குருக்கள், உடன்படிக்கைப் பேழை, எக்காளம், ஏழு என்னும் எண், மக்களின் ஆரவாரம்: அனைத்தும் வழிபாட்டுக்குரியவை. எரிகோவுக்கு அருகே கில்காலில், யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரு கற்களைச் சுற்றி நிகழ்ந்த நினைவுக் கொண்டாட்டத்தில் இக்கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டிருத்தல் வேண்டும் எனக் கருதுவோர் பலர். நூல் இன்றைய வடிவம் பெற்றதோ கி.மு. 7, 6-ஆம் நூற்றாண்டுகளில், நாடு பறிபோகும் நிலையில், பறிபோன நிலையில். நாடு எங்கள் வாளால் கிடைத்ததன்று, ஆண்டவர் அளித்த கொடை என்பதே ஆசிரியர் மதிலை முன்வைத்து உரைத்த செய்தி. எரிகோ மேட்டைத் தூரத்திலிருந்து கண்டாலே தெரியும், அது இடிந்த மாநகரின் மேடு என்று. அம்மேட்டைச் சுட்டிக்காட்டி, “இது எப்படி வீழ்ந்தது தெரியுமா?” என்று மகனுக்குச் சொல்லாத தந்தை இருந்திருக்க முடியுமா?

யோர்தான் நின்றுபோன நிகழ்ச்சிக்கு மட்டும் மண் வேறு சாட்சியம் தருகிறது. எரிகோவுக்கு வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில், விவிலியம் ஆதாம் நகர் எனக் குறிக்கும் இடம் இன்றைய தாமியா. அங்கு ஆற்றங்கரை உயரமான களிமண் சுவர். நிலம் அதிர்ந்தால் சரிந்து ஆற்றை அடைத்துவிடும். 1267-இல் அவ்வாறு அடைபட்டு ஆறு சில மணி நேரம் வறண்டதாக அரபு வரலாற்றாசிரியர் எழுதி வைத்துள்ளார். தண்ணீர் தடைபட்ட இடம் ஆதாம் நகர் என்று யோசுவா நூலின் மூன்றாம் அதிகாரம் குறித்திருப்பது ஆற்றின் இயல்பை அறிந்தவர் எழுதிய எழுத்து. வேண்டிய வேளையில் வேண்டியவர்க்கு ஆறு வழிவிட்டது என்றால் அதை அருஞ்செயல் என்று சொல்லத் தடையேது?

மற்றொரு முள்ளும் உண்டு. நகரிலிருந்த ஆண், பெண், சிறுவர், முதியோர் அனைவரையும் வாளுக்கு இரையாக்கினர் என்ற வரி. தாய்மார் இதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டத் தயங்குவது இயல்பே. மேலே கண்டபடி, அக்காலத்தில் அங்கே கொன்று குவிக்கத்தக்க மக்கள்திரள் கொண்ட மாநகர் இருந்ததற்குச் சான்றில்லை. சின்னஞ்சிறு குடியிருப்பே இருந்திருக்கலாம். பண்டை நாட்டுப் போர் அறிக்கைகள் ‘ஒருவரையும் விடவில்லை’ என்று மிகைப்படக் கூறும் வழக்கமுடையவை. மெர்நெப்தாவின் கல்வெட்டும் இஸ்ரயேலின் வித்தே இல்லாமற்போயிற்று என்றுதான் பெருமை பேசுகிறது! பழைய ஏற்பாட்டு நூல்களில் நிறைவற்றனவும் காலத்துக்கு உட்பட்டனவும் உண்டு என்று சங்கமே தெளிவாகச் சொல்கிறது. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிஜென் இவ்வரிகளை இரத்தப் போராகக் கொள்ளாமல், மனத்துள் நிகழும் போராகவே தம் மறையுரைகளில் விளக்கினார். அவர் பார்வை நின்ற இடம் இராகாபின் சன்னலில் தொங்கிய சிவப்புக் கயிறு. அதில் அவர் கண்டது மீட்பரின் இரத்தத்தை. அனைவரும் அழிந்தனர் என்று சொல்லும் அதே அதிகாரம் வேற்றினத்து விலைமாது ஒருத்தியின் குடும்பம் பிழைத்ததையும் சொல்கிறது. மத்தேயு அவள் பெயரை ஆண்டவரின் தலைமுறை வரிசையிலேயே எழுதிவிட்டார்.

மீண்டும் எழுந்த ஊர்

மன்னர் காலத்து எரிகோவைப் பற்றி விரைந்து சொல்லிவிடலாம். தாவீதின் தூதர்கள் அம்மோனியரால் தாடி பாதி மழிக்கப்பட்டு அவமானமுற்றுத் திரும்பியபோது, தாடி வளரும்வரை தங்கிய ஊர் இது. ஆகாபின் காலத்தில் பெத்தேலைச் சார்ந்த ஈயேல் அதை மீண்டும் கட்டினான். தன் மூத்த மகனையும் இளைய மகனையும் அதற்கு இழந்தான். எலியா இங்கிருந்து சென்றே யோர்தானைக் கடந்தார். திரும்பி வந்த எலிசா, ஊற்றுநீர் கெட்டுவிட்டதென்று ஊரார் முறையிட, புதுக்கிண்ணத்தில் உப்பெடுத்து இட்டு அதை நலமாக்கினார். அதனால் கிறிஸ்தவர்களுக்கு அது எலிசாவின் ஊற்று. எருசலேம் வீழ்ந்த இரவில் ஓடிய மன்னன் செதேக்கியா பிடிபட்டது எரிகோச் சமவெளியில். துறையை எட்ட இன்னும் சில கிலோமீட்டரே இருந்திருக்கும். பாபிலோனிலிருந்து திரும்பியோருள் எரிகோவினர் 345 பேர் என எஸ்ரா கணக்குத் தருகிறார். அவர்கள் சொந்த ஊர் மதிலை எழுப்பியதாகச் செய்தியில்லை. ஆனால் எருசலேம் மதிலின் ஒரு பகுதியைக் கட்டியோர் பட்டியலில் எரிகோவின் ஆட்களை நெகேமியா குறிக்கிறார்.

அதன்பின் மேடு மெல்ல ஓய்ந்தது. ஊர் தெற்கே நகர்ந்தது. மக்கபேயர் வழிவந்த மன்னரும் பின்னர் பெரிய ஏரோதும் மேட்டிலிருந்து தென்மேற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஓடைக்கரையில் குளிர்கால மாளிகைகளும் நீச்சல் குளங்களும் அமைத்தனர். 1973 முதல் அங்கு நடந்த அகழாய்வில் அவை வெளிப்பட்டன. கி.மு. 35-ஐ ஒட்டி, பதினேழே வயதான தலைமைக் குரு அரிஸ்தோபுலை ஏரோதின் ஆட்கள் விளையாட்டுப்போல் நீரில் அழுத்திக் கொன்றது இந்த எரிகோ மாளிகைக் குளத்தில்தான். ஏரோது உயிர்விட்டதும் எரிகோவிலேதான், கி.மு. 4-இல்.

அந்நாளில் எரிகோவின் செல்வம் நறுமணத் தைலம் தரும் பால்சமரத் தோட்டங்கள். கிளியோபாத்ராவுக்கு அந்தோணி அதைப் பரிசளிக்க, ஏரோது அவளிடமே குத்தகைக்கு எடுத்தான் என்றால் மதிப்பை உணரலாம். தைலமும், துறையைக் கடந்து வரும் சரக்கும் சுங்கமின்றிப் போகுமா? சக்கேயு ‘செல்வர்’ என்றும் ‘வரிதண்டுவோருக்குத் தலைவர்’ என்றும் லூக்கா சொல்வது எரிகோவின் கணக்கறிந்தவர்க்கு வியப்பளிக்காது. பர்த்திமேயு அமர்ந்திருந்த வழியும் யாத்திரிகர் எருசலேமுக்கு ஏறும் பெருவழியே. ஊரை நெருங்குகையில் குணமளித்ததாக லூக்காவும், ஊரைவிட்டுச் செல்கையில் என்று மாற்குவும் எழுதியிருப்பதற்குப் பழைய எரிகோ, புதிய எரிகோ என இரண்டு ஊர்களைக் காட்டிச் சமாதானம் சொல்வாருண்டு. அது தேவையற்ற சாமர்த்தியம் என்றே நமக்குத் தோன்றுகிறது. பார்வை பெற்றவனுக்கு எந்தப் பக்கம் நின்றோம் என்பதா நினைவில் நின்றிருக்கும்?

கி.பி. 333-இல் போர்தோ நகரிலிருந்து வந்த யாத்திரிகர் எலிசாவின் ஊற்றையும், இராகாபின் வீடென்று அன்று காட்டப்பட்ட இடத்தையும், சக்கேயு ஏறிய மரத்தையும் பார்த்ததாகக் குறித்துள்ளார். அன்று தொட்டு வழிகாட்டிகளுக்கு வேலை குறைந்ததில்லை.

இன்று

யோர்தானின் நீரைப் பல நாடுகள் மேலேயே திருப்பிக்கொண்டதால், கீழ்யோர்தான் முன்னிருந்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் மெலிந்து ஓடுகிறது. ஆண்டவர் திருமுழுக்குப் பெற்ற இடமெனப் போற்றப்படும் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் சென்று செபித்தார். சற்று வடக்கே பழைய துறைக்குப் பதிலாகப் பாலம் உள்ளது. 1918-இல் ஆங்கிலேயர் கட்டிய அது 1967-ஆம் ஆண்டுப் போரில் தகர்ந்து, பின்னர் மறுபடி அமைக்கப்பட்டது. மேற்குக் கரைப் பாலஸ்தீனியர் வெளிநாடு செல்ல இப்பாலமே முதன்மை வழி. அது அடைக்கப்படும் நாள்களில் அவர்கள் இக்கரையிலேயே காத்திருக்க வேண்டும்.

மேடு 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் உலகப் பாரம்பரியச் சின்னமாகப் பதிவு செய்யப்பட்டது. கென்யன் அம்மையாரின் அகழி இன்றும் திறந்து கிடக்கிறது. கம்பித் தடுப்பின் அருகே நின்று குனிந்தால் கோபுரத்தின் உச்சியும், அதனுள் இறங்கும் படிகளின் வாயும் தெரியும். மேட்டுக்கும் ஊற்றுக்கும் நடுவே இப்போது தார்ச்சாலை ஓடுகிறது. சாலைக்கு அப்பால் ஊற்றுநீர் வாய்க்கால்களில் பிரிந்து, முறைவைத்துத் தோட்டங்களுக்குப் பாய்கிறது. எரிகோ நகரத்தார் வீடுகளில் குடிப்பதும் அந்த நீரையே.